மூணு ஃபைல், ரெண்டு பஸ், ஒரு குடை

"மோனே, இது கேறுன்னில்லல்லோ."

முந்தாநேத்து காலைல கேரளப் பக்கம் பாறசாலைல இருந்து ரப்பர் கடை முதலாளி போன். கேறலன்னா இன்ஸ்டால் ஆகலன்னு அர்த்தம். நாலு ராத்திரி முழிச்சு நான் கட்டி, வாட்ஸப்ல அனுப்பின லினக்ஸ் பேக்கேஜ், அதாவது ப்ரோக்ராமை இன்ஸ்டால் பண்ணுற ஒத்தை ஃபைல், டெப்னு பேரு. அதுக்குள்ள அப்படி என்ன இருக்கு, ராக்கெட்டா? ஒட்டுப்பால் எத்தனை கிலோ, ஷீட் எத்தனை கிலோ, அதுல ஆர்எஸ்எஸ் 4ங்கிற தரம் எவ்வளவு, கொண்டு வந்த ஆளுக்குப் பாக்கி எவ்வளவு. சி மொழில எழுதி, மிஷின் ஓட்டுற மாதிரி கம்பைல் பண்ணின ஒரே ஒரு பைனரி, ஒரு டெஸ்க்டாப் ஃபைல், ஒரு ஐகான். எங்க வீட்டுல ஷீட் அடிக்கிற மிஷின்ல இதைவிட உறுப்பு ஜாஸ்தி.

இதைக் கட்டுறதுக்கு எதுக்குடே நாலு ராத்திரின்னு கேப்பீங்க. கேக்க மாட்டீங்க, உங்களுக்கும் இந்தச் சவம் நடந்திருக்கும்.

"மேக் இன்ஸ்டால் அடிக்கிற எடத்துல செக்இன்ஸ்டால்னு அடி மக்கா, டெப் தானா வந்து விழும்." இதை எனக்குச் சொல்லாத ஆளே இல்ல. மேக் இன்ஸ்டால் ப்ரோக்ராமை நேரா மிஷின்ல ஏத்துற கட்டளை, செக்இன்ஸ்டால் அதையே டெப்பாக் கட்டித் தர்ற டூல். அதோட கடைசி வெளியீடு 1.6.2, அது வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அடிச்சேன். டாக்குமெண்ட் வேணுமா? ஆமா. விவரணை எழுது, முடிச்சதும் ஒரு வரி சும்மா விடு. விட்டேன். அப்புறம் 0-ல ஆரம்பிச்சு நீளமா ஒரு பட்டியல், ரேஷன் கார்டு விண்ணப்பம் கணக்கா. பேரு மட்டும் அதுவே போட்டுக்கிச்சு: "புதுசு2". ஏன்னா என் டைரக்டரி பேரு புதுசு2. வெர்ஷன்? இன்னைக்குத் தேதி. ப்ரோக்ராம் ஓட எந்தெந்த லைப்ரரி, அதாவது பொதுக் கோடு, தேவைன்னு எழுத வேண்டிய பத்தாம் நம்பர்? காலி. ஊருல ரெண்டு பேருக்குத் தெரியணும்ங்கிற பேரை அதுவே வச்சிரும், மிஷினுக்குத் தெரிய வேண்டியதை நான் சொல்லணுமாம்.

அப்படிக் கட்டி அனுப்பினதுதான் கேறல. சரி, கெளம்பினேன். மார்த்தாண்டத்துல மழைன்னா மழை, குடையை மீறி அடிக்கிது. களியக்காவிளைல எறங்கி, சேத்துல நின்னு, அடுத்த பஸ் புடிச்சு, லேப்டாப்பை வயித்தோட அணைச்சுக்கிட்டுப் பாறசாலை. கடைல டெபியன் 11, என் லேப்டாப்ல இருக்குற உபுண்டுக்குத் தாய் வீடான லினக்ஸ். முதலாளியோட மகள் போட்டது. கேரளத்துல சர்க்கார் பள்ளிக்கூடத்துலயே உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ்லதான் பிள்ளைங்க படிக்குது, அதனால அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் பழம் உரிக்கிற மாதிரி. நம்ம பக்கமும் சர்க்கார் லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் வந்துச்சு, நாம அதைத் தொறந்தே பாக்கல. அது வேற வயித்தெரிச்சல்.

டெப்பை ஏத்திப் பாத்தா டெர்மினல்ல ஒரே வரி: கன்ட்ரோல் டார் இசட்எஸ்டி எனக்குத் தெரியாத சுருக்கம், கைவிடுறேன்.

கைவிடுறியா! டெப்னா என்ன தெரியுமா மக்கா? ஏஆர்னு ஃபைல்களை ஒண்ணாக் கட்டுற ஒரு அரதப்பழசான ஆர்க்கைவ், உள்ள மூணே ஃபைல். டெபியன்-பைனரி, அதுல "2.0"ன்னு ஒரு வரி. அப்புறம் பேக்கேஜ் விவரம் அடங்கின கன்ட்ரோல் டார், சரக்கு அடங்கின டேட்டா டார். கத முடிஞ்சு. இந்த ரெண்டு டாரையும் சுருக்குறதுக்கு உபுண்டுக்காரங்க 21.10-ல இருந்து இசட்ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணைப் புடிச்சுக்கிட்டாங்க. டெபியன்ல டெப்பைப் பிரிச்சு ஏத்துற டிபிகேஜிக்கு அதைப் பிரிக்கத் தெரிஞ்சது 12-ல, 2023-ல. தாய் வீட்டுக்கே பூட்டை மாத்திட்டு, சாவி மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கு. செக்இன்ஸ்டால் என் உபுண்டு 22.04-ல ஓடினதால அந்தப் பூட்டைத்தான் போட்டுக் குடுத்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை? அத்தனை கேள்வி கேட்ட வாய் இதைக் கேக்கல.

சரி, வேற டூல். எஃப்பிஎம். அதுக்கு ரூபி மொழி வேணும், அதோட ஜெம்னு பேக்கேஜ் வேணும், அதையெல்லாம் போன் ஹாட்ஸ்பாட்ல எறக்கணும். முதலாளி கட்டன் சாயா வாங்கிக் குடுத்தாரு, குடிச்சு முடிக்கறதுக்குள்ள டெப் ரெடி. எஃப்பிஎம் எதுவும் சொல்லலன்னா ஜிஜிப்ங்கிற பழைய முறைலதான் சுருக்கும், அதனால இந்தத் தடவ கேறிச்சு! முதலாளி கைதட்டினாரு. ஐகானை அமுக்கினோம். ஒண்ணும் வரல. இன்னொருக்கா அமுக்கினோம். டெர்மினல்ல ஓட்டிப் பாத்தா, சி ப்ரோக்ராமெல்லாம் நம்பி நிக்கிற லைப்ரரி ஜிலிப்சி, அதுல 2.34 காணல.

காணல. ஏன்னா உபுண்டு 22.04-ல இருக்குறது 2.35, கடைல 2.31. நடுவுல 2.34-ல தொடக்கக் குறியீட்டையே மாத்தி வச்சிருக்காங்க, அதனால அங்க கம்பைல் பண்ணினா வெறும் ஹலோ வேர்ல்டு கூட இங்க ஓடாது. அப்ப நான் இத்தனை நேரம் மாத்தினது என்ன? உறை. கல்யாணப் பத்திரிகை உள்ள தேதி தப்பு, நான் கவருக்கு மஞ்சள் தடவிக்கிட்டு இருந்திருக்கேன்.

இதுதான் எனக்கு எரியுது. மாத்து டூல் எதுன்னு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு உறையை நீட்டுவாங்க. என்எஃப்பிஎம் போடு, யாம்ல்ல பத்து வரி போதும். போட்டா அதே பைனரிதானே போகும்? ஏலியன் போடு. அது ஆர்பிஎம்ங்கிற வேற வகைப் பேக்கேஜை மாத்துறது, நான் ஆர்பிஎம்மே கேக்கலியே. ஆப்இமேஜ் போடு, எங்கயும் ஓடும். எங்கயும் ஓடணும்னா இருக்குறதுலயே பழைய லினக்ஸ்ல கட்டணும், அதைச் சொல்றதே இல்ல. பழைய மாதிரி ஆப்இமேஜ்னா, 22.04-ல லிப்ஃப்யூஸ் 2ங்கிற லைப்ரரியைத் தனியாப் போடலன்னா சும்மா அமுக்கினாத் தொறக்காது. ஃப்ளாட்பேக்கா? ஒட்டுப்பால் கணக்குக்கு நூத்துக்கணக்கான எம்பில ரன்டைம், முதலாளியோட நெட் பேக்குக்கு நான் காசு கட்டவா? நிக்ஸ்ங்கிற இன்னொரு பேக்கேஜ் முறையைக் கத்துக்கோன்னு ஒருத்தன் சொன்னான். அவன் மூணு வருஷமாக் கத்துக்கிட்டு இருக்கான், கல்யாணத்துக்குக் கூட வரல.

டெபியன்காரங்களோட சொந்த டூல் டெப்ஹெல்பர்? நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். அதுல பண்ணியிருந்தா பைனரியை நோண்டிப் பாத்து, ஜிலிப்சி குறைஞ்சது 2.34 வேணும்னு அதுவே எழுதி வச்சிருக்கும், கடைல ஏறுறப்பவே மறுத்திருக்கும். ஆனா என்ன மாத்தினோம்னு எழுதுற சேஞ்ச்லாக்ல கையெழுத்து வரிக்கு முன்னால ஒரு ஸ்பேஸ், மெயிலுக்கும் தேதிக்கும் நடுவுல ரெண்டு ஸ்பேஸ். ஒண்ணு விட்டா மூஞ்சியத் திருப்பிக்கும். என் மாமியார் கூட அவ்வளவு பாக்க மாட்டா.

ராத்திரி வீட்டுக்கு வந்து, ஈர வேட்டியோட உக்காந்து, மிஷினுக்குள்ளயே வேற லினக்ஸை ஓட்டுற டாக்கர்ல டெபியன் 11-ஐ எறக்கி அதுக்குள்ள கம்பைல் பண்ணினேன். அப்புறம் அங்கயே, வேற எந்த டூலும் இல்லாம, கையாலயே ஒரு டைரக்டரி, அதுல கன்ட்ரோல்னு ஏழு வரி, டிபிகேஜி-டெப். நேரம்? பதினோரு நிமிஷம். நாலு ராத்திரி, பதினோரு நிமிஷம். சிரிப்பு வந்துருச்சு. வீட்டுக்காரி எழும்பி வந்து, "ஒமக்கு என்ன கிறுக்கா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

காலைல வாட்ஸப்ல அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல பதில்: "செரியாயி மோனே." கூடவே ஒரு போட்டோ, ஸ்க்ரீன்ல என் ப்ரோக்ராம் ஜம்முனு ஓடுது. மானிட்டருக்குப் பின்னால, சுவத்துல மாட்டி இருக்கு என் குடை. கறுப்புத் துணி, பிடில நான் சுத்தின பச்ச டேப்பு.

போன் போட்டேன். "முதலாளி, அந்தக் குடை என்னுது."

"ஏய், அது கடைலே குடையல்லே மோனே?"

இங்க மழை இன்னும் நிக்கல.