எதை எதோடு கலந்தாலும் பலன் இரட்டிப்பா?

"எந்த இரண்டு களைக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலந்து அடித்தால் பலன் இரட்டிப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. மக்காச்சோளத்தில் அட்ரசின், மீசோட்ரியோன் என்ற இரண்டு களைக்கொல்லிகளும் சேர்ந்தால் தனித்தனியாக அடிப்பதைவிட நன்றாகவே வேலை செய்கின்றன, உண்மை. ஆனால் புல்லைக் கொல்லும் ஃபெனாக்சாப்ராப்போடு அகன்ற இலைக் களையைக் கொல்லும் 2,4-டி கலந்தால் அகன்ற இலைக் களை சாகும், புல் தப்பிவிடும். 2,4-டி அந்தப் புல் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. இரண்டையும் சில நாள் இடைவெளி விட்டு அடிப்பதே நல்லது.

கிளைபோசேட்டோடு பாராகுவாட் கலப்பது இன்னும் மோசம். கிளைபோசேட் இலை வழியாக வேர், கிழங்கு வரை போக வேண்டிய மருந்து. பாராகுவாட் அதற்குள் இலையைக் கருக்கிவிடும். மேலே காய்ந்தது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அப்புறம் கோரை மறுபடி முளைக்கும்.

களைகள் மருந்துக்குப் பழகிவிடாமல் இருக்கத்தான் கலக்கிறீர்கள் என்றால், வெவ்வேறு விதத்தில் செயல்படும் மருந்துகளாக இருக்க வேண்டும். அந்தக் களையை இரண்டுமே தனித்தனியாகக் கொல்லவும் வேண்டும். ஒரே வகையில் இரண்டு பிராண்டு வாங்கிக் கலப்பது வெறும் செலவு. கலக்கும் முன் லேபிளைப் பாருங்கள், கலவை திரிகிறதா என்று சிறு பாட்டிலில் சோதியுங்கள்.