பிசியோக்களின் கட்டைவிரலும் கவுச்சின் உயரமும்

இடுப்பு வலி என்று சொல்லும் பிசியோவிடம் (பிசியோதெரபிஸ்டிடம்) "உன் போஸ்ச்சர் சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நோயாளியைப் படுக்க வைக்கும், ஏற்றி இறக்க முடியாத ஒரே மரக் கவுச்சில் ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும் மாறி மாறி வேலை செய்தால், இருவரில் ஒருவர் குனிந்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், 91 சதவீத பிசியோக்களுக்கு வேலையால் தசை, மூட்டு வலி வந்திருந்தது. ஆறில் ஒருவர் அதனாலேயே பிரிவு மாறினார், இல்லை தொழிலையே விட்டார். சரியாகத் தூக்குவது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர்கள் இவர்கள்!

கட்டைவிரலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். இரு விரலால் கிள்ளிப் பிடிக்கும்போது நுனியில் 1 கிலோ விசை என்றால், மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில் அது ஏறக்குறைய 12 கிலோவாக இறங்கும். அந்த மூட்டை வைத்து நாள் முழுக்க லம்பார் மொபிலைசேஷன் (கீழ்முதுகு மூட்டுகளைக் கையால் அழுத்தி அசைக்கும் சிகிச்சை) செய்தால் என்னாகும்? இடுப்புப் பகுதிக்குக் கட்டைவிரல் வேண்டாம். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் இருக்கும் பிசிஃபார்ம் எலும்பை வையுங்கள். தோள் கைக்கு நேர் மேலே வரட்டும், முழங்கை நேராக இருக்கட்டும், உடம்பைச் சாய்த்து எடையை இறக்குங்கள். கழுத்துக்குக் கட்டைவிரல் தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்து வைத்து, மூட்டு பின்னால் மடங்காமல் பாருங்கள். பாட்டில் மூடி திறக்கும்போது விரலின் அடியில் வலித்தால் அது அடிமூட்டின் எச்சரிக்கை. டேப் சுற்றிக்கொண்டு அதே டெக்னிக்கைத் தொடராதீர்கள்.

கவுச் உயரம்: மொபிலைசேஷனுக்கு, கையைத் தொங்கவிட்டு நின்றால் மடக்கிய விரல் முட்டி படும் அளவு. கை, கணுக்கால் வேலைக்கு உருளும் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவதே நல்லது. வீட்டு விசிட்டில் கட்டில் தாழ்வாகத்தான் இருக்கும். அதைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றினால் முதுகு தப்பும்.

70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டும் சுமார் 11 கிலோ. நோயாளியின் பின்தொடைத் தசையை இழுத்துவிடும் ஹாம்ஸ்ட்ரிங் ஸ்ட்ரெட்ச்சில் அதைக் கையில் தாங்காமல் தோளில் வையுங்கள். நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 16 கிலோ. அப்படியிருக்க, ஸ்ட்ரோக் நோயாளியை ஒரே பிசியோ வீல்சேருக்கு மாற்றுவதைத் திறமை என்று பாராட்டுவது கொடுமை. கெய்ட் பெல்ட்டும் (பிடித்துக்கொள்ள நோயாளியின் இடுப்பில் கட்டும் பட்டை) இரண்டாவது ஆளும் இல்லாமல் அதைச் செய்யச் சொல்லக் கூடாது.

வேலைக்குச் சேரும் ஜூனியர்கள் சம்பளம் பேசும்போதே இதையும் கேளுங்கள்: கவுச் ஏறி இறங்குமா? நோயாளியை இடம் மாற்ற உதவி ஆள் உண்டா? கையாலேயே செய்யும் மேனுவல் தெரபி கேஸ்களை இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்துப் போடுவீர்களா?