வரையத் தெரியாதவர்களுக்குத்தான் இந்தப் பதிவு

மன அழுத்தம் தாங்க முடியவில்லை என்கிறவரிடம், "கொஞ்ச நேரம் எதையாவது வரைந்து பாருங்களேன்" என்று சொன்னால், பெரும்பாலும் வருகிற பதில், "அய்யோ, எனக்கு அதெல்லாம் வராது" என்பதுதான். சின்ன வயதில் யாரோ நம் படத்தைப் பார்த்து, "இது என்ன, மாடா மேசையா?" என்று கேட்டிருப்பார்கள். அன்றைக்கு மூடிய வண்ணப்பெட்டியை நாற்பது வயதிலும் திறக்கத் தயங்குகிறோம். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் இருக்கிறது. பாட்டு வராதவர்கூட குளிக்கும்போது பாடுகிறார், யாரும் தடுப்பதில்லை. வரைவதற்கு மட்டும் ஏன் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம்?

அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பேரிடம் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுப்படத்துக்கான காகிதங்கள் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். அதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து, நாம் நெருக்கடியில் இருக்கும்போது உடலில் ஏறுகிற கார்டிசோல் அளவைப் பார்த்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவருக்கும் தூரிகையே தொடாதவருக்கும் இதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. அதனால் இதை மருந்துச் சீட்டு மாதிரி நீட்ட மாட்டேன். ஆனால் "எனக்கு வராது" என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, எதை வரைவது? இங்கேதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. "மனசில் இருக்கிற வலியையெல்லாம் காகிதத்தில் கொட்டிவிடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2012-இல் எழுதியது வேறு. சோகத்தில் இருந்தவர்களில் சிலரை அந்தச் சோகத்தையே வரையச் சொன்னார்கள், சிலரைச் சம்பந்தமே இல்லாத எதையாவது வரையச் சொன்னார்கள். இரண்டாவது வகையினருக்குத்தான் மனநிலை அதிகம் தேறியது.

இதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு இது தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் இரவு முழுக்க வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும். கையில் ஒரு பரிசோதனைச் சீட்டும் பால்பாயின்ட் பேனாவும் இருந்தன. சீட்டின் பின்பக்கத்தில் எதிரே இருந்த நாற்காலி வரிசையை வரைய ஆரம்பித்தேன். இரும்பு நாற்காலிகள், உட்காருமிடம் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். பக்கத்து நாற்காலியின் துளைகள் வட்டமாகத் தெரிந்தன. தள்ளிப் போகப் போக அவை நசுங்கி முட்டையாகி, கடைசி நாற்காலியில் வெறும் கோடாகிவிட்டன. ஒரு நாற்காலிக்கு மட்டும் கைப்பிடி கழன்று, திருகு இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டை. அந்த ஓட்டையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சடைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அம்மாவை நான் மறக்கவில்லை. ஆனால் "என்ன ஆகுமோ" என்று மனசு ஓட்டிக்கொண்டிருந்த படத்துக்கு ஓர் இடைவேளை கிடைத்தது. அந்த இரவில் என் பயத்தை வரைந்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டில் இருக்கும் டெரெசின் என்ற ஊரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், தன்னைப் போலவே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். கிடைத்த காகிதத்தில் வரைந்தார்கள். முகாம் வாழ்க்கையை மட்டுமல்ல, பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டுவந்த வீடுகளையும். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதவைத்தார். 1944-இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு அனுப்பப்படுவதற்கு முன் அவர் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த படங்கள் சுமார் 4,500. அவரும் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோரும் கொல்லப்பட்டார்கள். படங்கள் பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தை பூ வரைந்ததை "நிஜத்திலிருந்து தப்பி ஓடுதல்" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

ஆழமான காயம் உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கலைவழிச் சிகிச்சை என்பது அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் செய்வது. காசநோய்க்காகச் சிகிச்சையில் இருந்தபோது தன் படுக்கையில் வரையத் தொடங்கிய அட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர்தான் 1942-இல் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். வலியை நேரடியாக வரைந்து பார்க்க வேண்டியவர்கள் அப்படிப்பட்ட ஒருவர் துணையோடு செய்வதுதான் நல்லது. அப்புறம், வீட்டில் குழந்தை கறுப்பு க்ரேயானில் வரைந்தால் உடனே "மனசில் ஏதோ இருக்கிறது" என்று நாமே ஜோசியம் பார்க்க வேண்டாம். கைக்கு எட்டியது அந்தக் கறுப்பாக இருந்திருக்கலாம்.

அலுவலகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பல இடங்களில் ஊழியர்களுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் கொடுக்கிறார்கள், ஓவியப் பயிற்சி நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கும் போன் செய்துகொண்டு, கையில் வண்ணப் பென்சிலைக் கொடுப்பது நியாயமே இல்லை. அந்த அழுத்தத்துக்குக் காரணம் ஊழியரின் மனசு அல்ல, அவர் மேல் ஏற்றிவைத்த வேலை. அதைக் குறைக்கிற பொறுப்பு நிர்வாகத்துடையது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: வெற்றுக் காகிதம் மிரட்டினால் கோட்டுச் சித்திரத்தில் வண்ணம் தீட்டுங்கள், அதிலும் தவறில்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், மண்டலா என்கிற வட்டக் கோலம் மாதிரியான வடிவங்களில் வண்ணம் தீட்டியவர்களுக்கு வெற்றுத்தாளில் தீட்டியவர்களைவிடப் பதற்றம் அதிகம் குறைந்தது. இல்லையென்றால் உங்கள் இன்னொரு கையையே வரையுங்கள். விரல் மூட்டில் தோல் மடியும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள், அழிப்பான் வேண்டாம். முடித்ததும் படம் பிடித்து உடனே எங்கேயும் போடாதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும். முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள்.