ஓநாய்க்கு வாக்களித்தவன் எழுதுகிறேன்

கொலராடோவில் 2020 நவம்பரில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் சீட்டிலேயே ஓநாயைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. 1940களில் இந்த மாநிலத்திலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்ட சாம்பல் ஓநாயை மீண்டும் கொண்டுவந்து விடலாமா? முன்மொழிவு 114 என்று அதற்குப் பெயர். குடியுரிமை பெற்றபின் நான் போட்ட முதல் வாக்கு அது. இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். டென்வர் புறநகரில், சமையலறை மேசையில் காபியை வைத்துக்கொண்டு, நீதிபதிகள் வரை ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் படித்து நிரப்பினேன். ஓநாய்க்கு மட்டும் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற மகள் கைதட்டினாள்.

முப்பத்தொரு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்ததில் ஏறத்தாழ 57,000 வாக்கு வித்தியாசத்தில் ஓநாய் வென்றது. ஓநாயைத் திரும்பக் கொண்டுவர ஓர் அமெரிக்க மாநிலத்தின் மக்களே வாக்களித்து உத்தரவிட்டது அதுதான் முதல் முறை. பெருமையாக இருந்தது. மாவட்ட வாரியான வரைபடத்தைப் பார்த்த பிறகு பெருமை கொஞ்சம் குறைந்தது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே டென்வரும் போல்டரும் ஆம் என்றன. மலைக்கு மேற்கே பெரும்பாலான ஊர்கள் இல்லை என்றன. ஓநாயை விட வேண்டிய இடமோ, சட்டத்தின் வாசகப்படியே, மலைக்கு மேற்கே.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த மேற்கு, கிழக்கு விவகாரம் புரியாது. காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். கொலராடோ ஆறு பிறப்பது கிராண்ட் கவுண்டி மலைகளில். அந்த மாவட்டத்துத் தண்ணீரில் பெரும் பங்கை மலையைக் குடைந்து கிழக்கே இழுத்துக்கொள்கிறோம். மோஃபட் சுரங்கம் வழியாக 1936 முதல் டென்வருக்கு. 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஆடம்ஸ் சுரங்கம் வழியாக 1947 முதல் வடகிழக்கு நகரங்களுக்கும் வயல்களுக்கும். 2023 டிசம்பரில், ஓரிகனிலிருந்து பிடித்துவந்த 10 ஓநாய்களைத் திறந்துவிட்டதும் கிராண்ட், சம்மிட் கவுண்டிகளில்தான். தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள், பதிலுக்கு ஓநாயை அனுப்பினார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

அந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 தொடக்கத்தில் ஓநாய்ப் படம் போட்ட நம்பர் பிளேட்டை மாநிலம் வெளியிட்டது. வருடத்துக்கு 50 டாலர் கூடுதல் கட்டணம். அந்தப் பணம் ஓநாயைக் கொல்லாமல் கால்நடைகளைக் காக்கும் வழிகளுக்குப் போகிறது. மகள் கேட்டாள், மாட்டிக்கொண்டேன். அந்த நம்பர் பிளேட்டோடு 2024 ஜூலையில் பெர்தவுட் கணவாய் ஏறி இறங்கி, கிராண்ட் கவுண்டியில் உள்ள கிரெம்ளிங் என்ற சிற்றூர் வழியாகச் சுற்றுலா போனோம். அந்த நேரத்தில் அந்த ஊருக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போவது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நடந்தது இதுதான். ஏப்ரல் 2ஆம் தேதி அந்த மாவட்டத்தில் ஒரு கன்றுக்குட்டியை ஓநாய் கொன்றது உறுதியானது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மாடுகளும் ஆடுகளும். வந்த பத்தில் சில, ஓரிகனிலேயே கால்நடைகளைத் தாக்கிப் பழகிய கூட்டங்களைச் சேர்ந்தவை என்பதும் தெரியவந்தது. தாக்கும் ஓநாயைச் சுட அனுமதி கேட்டுப் பண்ணைக்காரர்கள் மனுப் போட்டார்கள். அது குட்டி போடும் ஜோடி, இந்த மாநிலத்தில் இந்தத் திட்டம் தந்த முதல் குட்டிகள் அவை என்று அரசு மறுத்தது. இரண்டு பக்கத்தின் நியாயமும் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் தெரிந்தே அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து ஓநாயைக் கொண்டுவந்தது பொறுப்பில்லாத வேலை. இதைச் சொன்னால் ஓநாய் ஆதரவு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

கிரெம்ளிங்கில் பெட்ரோல் போடும்போது ஒரு பெரியவர் வந்து நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்றார். சொன்னேன். "எனக்கு இதுவரை இரண்டு கன்றுகளைக் காணவில்லை. செத்த உடலாவது கிடைத்தால் அதிர்ஷ்டம்" என்றார். அதிர்ஷ்டமா என்று விழித்தேன். அவரே விளக்கினார்.

ஜூனில் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஏற்றிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் இறக்கி எண்ணுவார்கள். நடுவில் ஒரு கன்று செத்தால் கரடி, நரி, கழுகு எல்லாம் சேர்ந்து இரண்டு நாளில் சுத்தமாக முடித்துவிடும். இழப்பீடு வேண்டுமானால் ஓநாய்தான் கொன்றது என்று நிரூபிக்க வேண்டும். விசாரணைக்கு வருகிறவர் தோலை உரித்து அடியில் பார்ப்பார். பல் பட்ட இடத்தில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. கட்டவில்லையென்றால் தானாகச் செத்ததைத் தின்றது. தோலே மிச்சமில்லாத கன்றுக்கு யார் என்ன சான்று தருவது?

கொலராடோவின் இழப்பீட்டுச் சட்டம் அமெரிக்காவிலேயே தாராளமானவற்றில் ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிராணிக்கு 15,000 டாலர் வரை. காணாமல் போன கன்றுகளுக்கும், பயத்தில் எடை குறைந்த கன்றுகளுக்கும், சினை பிடிக்காமல் போன பசுக்களுக்கும்கூடக் கணக்குக் காட்டிக் கேட்கலாம். கேட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டே இரண்டு பண்ணைகளுக்கு 3,40,000 டாலருக்கு மேல் ஒப்புதலானது. ஓராண்டு முழுவதற்கும் அந்த நிதிக்கு ஒதுக்கியிருந்தது 3,50,000. தேர்தலுக்காக வீட்டுக்கு வந்த விளக்கப் புத்தகத்தைப் படித்தபோது நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை.

பண்ணைக்காரர்கள் சொல்வதை எல்லாம் அப்படியே விழுங்கிக்கொள்ளவும் நான் தயாரில்லை. மொன்டானாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓநாய்கள் திரிகின்றன. அங்கே மாடுகள் 20 லட்சத்துக்கும் மேல். ஓநாய் கொன்றதாக அண்மை ஆண்டுகளில் உறுதியான கால்நடைகள் வருடத்துக்கு நூறைத் தொடவில்லை. ஓநாய் வந்ததால் மாட்டுத் தொழிலே அழியும் என்பது மேடைப் பேச்சு. தவிர, "எங்கள் நிலம்" என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி மத்திய அரசின் பொது நிலம். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை அரசு வாங்கிய கட்டணம் 1.35 டாலர். என் ஊர்ச் சந்தையில் ஒரு கட்டுச் சோளத்தட்டு அந்த விலைக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம். அதற்கும் முந்தைய கதை வேறு. 1881இல் யூட் பழங்குடிகளை அந்த மேற்குச் சரிவிலிருந்து துரத்திவிட்டுத்தான் அங்கே மாட்டை ஏற்றினார்கள். யாருடைய மண் என்று பேச ஆரம்பித்தால் இரு தரப்புக்கும் வாயடைத்துப் போகும்.

எங்கள் பக்கத்துப் புளுகும் ஒன்று உண்டு. 1995, 1996இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து யெல்லோஸ்டோன் பூங்காவில் விட்டார்கள். ஓநாய் வந்ததும் எல்க் மான் குறைந்தது, வில்லோ மரம் துளிர்த்தது, ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது என்று ஒரு கதை. நான் அதைப் பத்துப் பேருக்காவது அனுப்பியிருப்பேன். 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே பரிசோதனை நடத்திய கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முடிவு அவ்வளவு இனிப்பாக இல்லை. ஆற்றில் அணை கட்டும் பீவர் என்ற பிராணி போய், நிலத்தடி நீர் இறங்கிவிட்ட இடங்களில், ஓநாய் வந்தும் வில்லோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எழுபது ஆண்டுகள் இல்லாமல் போனதை ஒரு பிராணி வந்து நின்றதும் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்த்தது நம் அவசரம். ஓநாய்க்கு வாழும் உரிமை வேண்டுமென்றால் ஆற்றைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று யார் நிபந்தனை போட்டது?

இதையெல்லாம் எழுத வைத்தது கொலராடோ அல்ல, அப்பாவின் தொலைபேசி அழைப்பு. வெள்ளக்கோவில் பக்கம் எங்கள் ஊர். கிளுவை வேலி சுற்றிய கொறங்காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்தால் மேய்க்க ஆளே வேண்டாம். வேலியே மேய்ப்பன். தலைமுறை தலைமுறையாக அந்த ஏற்பாடு நடந்தது. போன சில வருடங்களாக நாய்கள் கூட்டமாக வேலி புகுந்து கடிக்கின்றன. காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரத்து விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடியதையும், பிறகு அரசு இழப்பீடு அறிவித்ததையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பட்டியில் ஒரே இரவில் பதினொன்று. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. "பணம் வரும்போது வரட்டும் கண்ணு. இனிமேல் ராத்திரி யார் படுப்பது பட்டியில்?" என்றார்.

அந்தக் கேள்விதான் கிரெம்ளிங் பெரியவருடையதும். அவருடைய முறையும் கொறங்காடு போலத்தான், வேலி மட்டும் இல்லை. ஓநாயை ஒழித்தபின் அங்கே எண்பது ஆண்டுகளாக ஆள் இல்லாமல் மேய்த்தார்கள். அதனால்தான் இரண்டு மூன்று பேர் நூற்றுக்கணக்கான மாடுகளைக் கட்டி மேய்க்க முடிந்தது. இப்போது ஓநாய் வந்ததும் மறுபடி ஆள் தேவைப்படுகிறது. இரவு முழுக்க மந்தையோடு இருக்க ஒருவர், செத்த மாட்டை உடனே புதைக்க ஒருவர், சிவப்புத் துணித் துண்டுகள் கட்டிய கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்ட ஒருவர். ஓநாய் அந்த ஆடும் துணிக்குச் சில வாரங்கள் அஞ்சும், பிறகு பழகிவிடும், வேறு வழி பார்க்க வேண்டும். செத்த கன்றுக்குப் பணம் தருகிறோம். சாகாமல் பார்த்துக்கொள்ளும் தூக்கமில்லாத இரவுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. குதிரையில் மந்தையைச் சுற்றிவரும் காவலர்களை மாநிலம் வேலைக்கு எடுத்தது 2025இல், ஓநாய் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு. மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். காவலை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு ஓநாயை இறக்கியிருக்க வேண்டும்.

கிராண்ட் கவுண்டியில் குட்டி போட்ட அந்த ஓநாய்க் குடும்பத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் அதைப் பிடித்துக் கூண்டில் அடைக்க முடிவானது. ஆண் ஓநாய் பிடித்த சில நாட்களில் செத்தது. உடலில் பழைய துப்பாக்கிக் காயம் இருந்தது. யாரோ சட்டத்தை மீறிச் சுட்டிருக்கிறார்கள். தாயையும் நான்கு குட்டிகளையும் 2025 ஜனவரியில் பிட்கின் கவுண்டியில் விட்டார்கள். மே மாதம் அங்கேயும் மாடுகளைக் கொன்றன. அரசே ஓர் இளம் ஆண் ஓநாயைச் சுட்டது. என் மகள் அன்று சாப்பிடவில்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

இன்றும் அதே சீட்டு வந்தால் ஆம் என்றே நிரப்புவேன். அதே வாக்கோடு காவல்காரர் கூலிக்கு என் வீட்டு வரியில் இவ்வளவு என்று ஒரு கட்டமும் இருக்க வேண்டும், அதையும் நிரப்புவேன். எத்தனை பேர் நிரப்புவார்கள் என்று தெரிந்தால் 57,000 என்னும் அந்த வித்தியாசத்துக்கு என்ன ஆகும் என்ற பயம் எனக்கு உண்டு.

கிரெம்ளிங் பெரியவர் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "ஐம்பது டாலர் வேண்டாம். செப்டம்பரில் ஒரு வாரம் வாருங்கள், இராத்திரிக் காவலுக்கு. தார்ப்பாயும் காபியும் நான் தருகிறேன்" என்று சொல்லி எண்ணை எழுதிக் கொடுத்தார். அப்பாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன்.

"போனாயா?"

"இல்லைப்பா. லீவு கிடைக்கவில்லை."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இருட்டிவிட்டது, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போக வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.