எரிக்கப்பட்ட சுருளும் ஏட்டறையில் கிடைத்த சுருளும்

மெகில்லா என்றவுடன், பூரிம் திருநாளில் யூதர்கள் வாசிக்கும் எஸ்தர் சுருளே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. சுருட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இச்சொல் எபிரேயத்திலும் அரமேயத்திலும் வழங்கியது. எனினும் பழைய ஏற்பாட்டில் அது வரும் இடங்களைப் படிக்கும்போது, மெகில்லா முதலில் எழுத்தர்களின் கையில் புழங்கிய ஆவணமாகவே இருந்தது, திருநாள் வாசிப்பு பின்னர் வந்து சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எரேமியா 36ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இறைவாக்கினர் எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக்கு ஒரு சுருளில் மையினால் எழுதுகிறார். கி.மு. 604 வாக்கில், எருசலேம் கோயிலில் உள்ள ஓர் அறையில் அதை மக்கள் கேட்க வாசிக்கிறார். செய்தியறிந்த அதிகாரிகள் அவரை வரவழைத்து, மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு அஞ்சுகிறார்கள். ஆனாலும் சுருளை எழுத்தர் எலிசாமாவின் அறையில் வைத்துவிட்டுத்தான் அரசனிடம் போகிறார்கள். எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய நடைமுறை இது! மூன்றாம் முறையாக யூதாவின் அரசன் யோயாக்கீம் முன்னிலையில் யெகுதி என்னும் அரசவை அலுவலன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் முடியும்தோறும் அந்தப் பகுதி அறுக்கப்பட்டுக் கணப்பில் விழுகிறது. அறுக்கப் பயன்பட்டதோ எழுத்தரின் சூரிக்கத்தி. நாணற்பேனாவைச் சீவும் கருவியே எழுத்தை அழித்தது. இதைக் கொடுங்கோலனின் வெறிச்செயல் என்று மட்டும் வாசிப்பது போதாது. பத்தி பத்தியாகக் கேட்டுவிட்டு எரித்தவன், ஓர் ஆவணத்தை முறைப்படி நிராகரித்தான் என்றே கருதுகிறேன். அந்தச் சுருள் தோலாக இருந்திருந்தால் நெருப்பருகே நாற்றம் தாங்கியிருக்காது. ஆகவே அது பாப்பிரஸ் என்னும் நாணற்தாள் என்போர் பக்கமே நானும் சாய்கிறேன். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் தாளைக் குறிக்கும் சொல்லையே இவ்விடத்தில் ஆள்கிறது. பாருக்கு வேறொரு சுருளில் எல்லாவற்றையும் மீண்டும் எழுதினார். இன்னும் பல சொற்களும் அதில் சேர்ந்தன.

இறைவாக்கினர்களான எசேக்கியேல் சுருளைத் தின்பதும் சகரியா பறக்கும் சுருளைக் காண்பதும் தரிசனங்கள். அவற்றை இங்கே சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

எஸ்றா 6ஆம் அதிகாரத்தின் அரமேயப் பகுதியோ நேரடியாகவே ஏட்டறைக்குள் அழைத்துச் செல்கிறது. எருசலேம் கோயிலைக் கட்ட அனுமதி உண்டா என்ற வழக்கில், பாரசீக மன்னர் தரியு பாபிலோனில் தேடச் சொல்கிறார்; மேதிய நாட்டின் அக்மேதா கோட்டையில் ஒரு மெகில்லா கிடைக்கிறது. களிமண் பலகைகள் நெடுங்காலம் ஆண்ட மண்ணில், அரமேய எழுத்தோடு சேர்ந்து சுருளும் ஆட்சிக்குள் நுழைந்திருந்தது. களிமண்ணில் குத்துபவரும் சுருளில் எழுதுபவரும் அருகருகே நிற்கும் அசீரியப் புடைப்புச் சிற்பங்கள் இதற்குச் சான்று. அக்மேதாச் சுருளில் இருந்ததும் கணக்குத்தான்: கோயிலின் உயரம் 60 முழம், அகலம் 60 முழம், பெருங்கற்கள் மூன்று வரிசை, மரம் ஒரு வரிசை, செலவு அரண்மனையைச் சேர்ந்தது.