இம்மாவுக்கு எதுக்குக் காதல்னு கேக்கறவங்களுக்கு

போன மாசம் மூன்று பேரிடம் ஒரு தொடரைப் பார்க்கச் சொன்னேன். 'இம்மா தத்தரான்னி'. இத்தாலியின் ராய் 1 சேனலில் 2019 செப்டம்பரில் தொடங்கியது. மூன்று பேரும் பார்த்தார்கள், மூன்று பேரும் குறை சொன்னார்கள். அந்தக் குறைகள் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருக்கின்றன. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. இம்மா தெற்கு இத்தாலியில் மதேரா என்ற ஊரில் அரசு வழக்கறிஞர். அங்கே அந்தப் பதவி நம்ம ஊர் மாதிரி கோர்ட்டில் வாதாடுவதோடு முடிவதில்லை. விசாரணையை நடத்துவதே அவர்கள்தான், போலீஸ் அவர்கள் சொல்படி நடக்கும். அதனால் பிணம் கிடக்கிற இடத்துக்கு இம்மாவே வந்து நிற்கிறாள். கல்யாணமான அவளுக்குத் தன் கீழே வேலை செய்கிற இளம் போலீஸ்காரன் கலோஜூரி மேல் ஒரு காதலும் எட்டிப்பார்க்கிறது. முதல் எபிசோடின் பெயரே 'விரலின் கோடை'. கொலை இருக்கும், ரத்தம் தெறிக்காது, சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

முதல் குறை கல்லூரித் தோழியுடையது. "ஹீரோயினா இவ? நாப்பது வயசு, குள்ளம், அந்தச் சிறுத்தைப்புலி டிசைன் சட்டை, கண்ணைக் குத்துற கலரு. பாக்கவே முடியலடி."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த உடுப்புதான் அவள் கதை. மதேராவில் 'சாஸ்ஸி' என்று மலையைக் குடைந்த குகை வீடுகள் உண்டு. ஒரே அறையில் பெற்றோர், பிள்ளைகள், கழுதை, கோழி என்று ஜனங்கள் வாழ்ந்த இடம். இத்தாலியின் அவமானம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1952-ல் சட்டம் போட்டுப் பல ஆயிரம் பேரைக் காலி செய்து புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். அதே குகைகளை 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2019-ல் மதேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரம். இன்று அங்கே ஹோட்டல் அறைக்குக் காசைக் கொட்டுகிறார்கள். அந்த ஊரின் ஏழை வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவள் இம்மா. வசதியான குடும்பத்து மாமியார் இன்றுவரை அவளை ஏற இறங்கத்தான் பார்க்கிறாள். அப்படிப்பட்டவள் பெரிய மனிதர்கள் வீட்டுக்குள் விசாரணைக்கு நுழையும்போது வெளிர் நிறத்தில் அடக்கமாக உடுத்திக்கொண்டு போகணுமா? குதிகால் செருப்போடு அந்தக் கல் படிகளில் டக் டக்கென்று ஏறுவாள் பாருங்கள், ஒரு படியில்கூட வேகம் குறையாது. இம்மாவாக வரும் வனெஸ்ஸா ஸ்கலேராவை அந்த நடைக்காகவே பார்க்கலாம். மூல நாவல்களை எழுதிய மரியோலினா வெனெத்சியா மதேராவில் பிறந்தவர். இம்மாவுக்குள் அந்த ஊர் இவ்வளவு இருப்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது அலுவலக நண்பர். "கொலைக் கதையில் காதல் எதுக்கு மேடம்? ஒரு எபிசோடே சினிமா நீளம், அதை வெட்டினால் பாதி மிச்சம்." இதைச் சொல்கிறவர்கள் நிறைய பேர் என்று தெரியும். ஆனால் வெட்டிப் பாருங்கள், என்ன மிஞ்சும்? யார் கொன்றது என்ற ஒரு விடை. அதை மறுநாள் காலையில் நானே மறந்துவிடுகிறேன். எனக்கு மறக்காதது, எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்கிற அந்தப் பெண் தனக்குள்ளேயே ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாளே, அதுதான். எந்த வழக்கிலும் ஒரு சின்ன விவரத்தைக்கூட மறக்காத ஞாபகசக்தி அவளுக்கு. அந்த ஞாபகம் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கே எதிரியாகிறது. காதலை வெட்டினால் இது எங்கே இருக்கும்?

மூன்றாவது என் அண்ணி. அண்ணிக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம், ஏனென்றால் அண்ணி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

"பியெத்ரோ தங்கமான மனுஷன்டீ. சமைக்கிறான், பொண்டாட்டி எப்ப வந்தாலும் முகம் சுளிக்காம சோறு போடுறான். அவனுக்குப் போய் இப்படிப் பண்ணலாமா?"

கணவன் பியெத்ரோவாக மஸ்ஸிமிலியானோ கல்லோ. நிஜமாகவே தங்கம்தான். அந்த மனிதனைக் குடிகாரனாகவோ கை நீட்டுகிறவனாகவோ எழுதியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இம்மா பக்கம் சாய்ந்திருப்போம். அந்தச் சலுகையை நமக்குத் தரவில்லை, அதற்காகவே எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை. நல்ல புருஷன், வளர்ந்த மகள், பிடித்த வேலை எல்லாம் இருக்கும் ஒருத்திக்கு, தன்னைவிட இளையவனான, தன் கீழே வேலை செய்கிற கலோஜூரி பக்கத்தில் நிற்கும்போது மூச்சு ஒரு நொடி தடுமாறுகிறது. அது நடக்கக்கூடியதுதான் என்று ஒத்துக்கொள்ள நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவள் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை அண்ணி. அவள் மனசில் அது வரவே கூடாது என்று நீங்கள் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதையே நாற்பத்தைந்து வயது ஆண் இன்ஸ்பெக்டரும் இளம் பெண் போலீஸுமாகக் காட்டினால் நாமெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். எத்தனை தொடரில் பார்த்திருக்கிறோம்!

கலோஜூரியாக வரும் அலெஸ்ஸியோ லாபிச்சே பற்றி ஒன்று மட்டும். அவன் இம்மாவைக் கூப்பிடுவது 'தொத்தொரெஸ்ஸா' என்று. இங்கே டாக்டர் என்று அர்த்தமில்லை, பட்டம் பெற்ற பெண் அதிகாரிக்கான மரியாதைச் சொல், கிட்டத்தட்ட நம்ம 'மேடம்'. இத்தாலிய மொழியிலும் நமக்கு இருப்பது போல 'நீ'யும் 'நீங்க'ளும் தனித்தனி. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான் ஓடும், அதனால் இங்கிலீஷ்காரனுக்கு இது காதில் விழாது. நமக்கு விழும். கண்ணில் அவ்வளவையும் வைத்துக்கொண்டு வாயில் மட்டும் 'நீங்க' என்கிறான். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இந்தக் காதல் முழுக்க நடக்கிறது. நேற்று ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து ஒரு காட்சியை மறுபடி ஓடவிட்டேன். கார் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறான், ஒரே ஒரு 'தொத்தொரெஸ்ஸா'. அவ்வளவுதான் வசனம். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து நேரே ரோட்டைப் பார்க்கிறாள்.

பார்க்கப் போகிறவர்கள் ஆங்கில டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம், இத்தாலியக் குரலிலேயே பாருங்கள். அண்ணி இரண்டாவது சீசனுக்கு வந்துவிட்டார்கள். பியெத்ரோ கட்சிதான் இன்னும். ஆனால் நேற்று போனில், "அந்தப் பையன் 'தொத்தொரெஸ்ஸா'ன்னு கூப்பிடும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்குடீ" என்றார்கள்.