"போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

மாதிரிப் படகுக்கு எந்த புரொப்பெல்லர் போடுவது என்று யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்." எப்படித் தெரியும்? மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலர் புகைந்தால் தெரியும். அந்தப் புகைக்கு யார் காசு கொடுப்பது? போட்டுப் பார்க்கச் சொன்னவர் கொடுப்பாரா?

என் படகில் புதுமை எதுவும் கிடையாது. வி வடிவ அடிப்பாகம், 70 செ.மீ. நீளம், மூன்று செல் லித்தியம் பேட்டரி, 2000 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டார். கே.வி. என்றால் கிலோவோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. பேட்டரியின் 11.1 வோல்ட்டை 2000-ஆல் பெருக்கினால், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று. இந்தக் கணக்குக்கு வேண்டியதெல்லாம் மோட்டார் மேலும் பேட்டரி மேலும் அச்சடித்திருக்கிறது. இதற்கு அப்புறம்தான் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். 35 மி.மீ. புரொப்பெல்லரா, 40 மி.மீ. புரொப்பெல்லரா? "ஐந்து மில்லிமீட்டர்தானே சார், பெரியதையே போடுங்கள், நன்றாகப் பறக்கும்" என்றார் கடைக்காரர்.

ஐந்து மில்லிமீட்டர்தானே! ஒரே வடிவம், ஒரே சுற்று வேகம் என்றால் புரொப்பெல்லர் விழுங்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். நாற்பதை முப்பத்தைந்தால் வகுத்து ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: 1.95. ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோட்டார் திணறி வேகம் குறைவதால் முழு இரண்டு மடங்கு வராது, சரி. ஆனால் அந்தத் திணறல்தான் சூடாகி கன்ட்ரோலரைத் தின்கிறது. பெரியதைப் போட்டு ஓட்டிவிட்டுப் படகின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய கருகல் நாற்றம் இரண்டு நாளாகியும் அறையை விட்டுப் போகவில்லை. விற்கிறவருக்குத் தெரிய வேண்டிய கணக்கு இல்லையா இது?

புரொப்பெல்லர் எண்களின் கூத்து தனி. ஒருவர் 442 என்று போடுகிறார், இன்னொருவர் 4214 என்கிறார். இரண்டும் ஒன்றுதான்: 42 மி.மீ. விட்டம், பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) அதைப்போல் 1.4 மடங்கு. 442-இல் முதல் 4-தான் அந்த 1.4. இதையாவது பிரித்துப் படித்துக்கொள்ளலாம். மூன்றாமவர் "40 மி.மீ., இரண்டு இதழ்" என்பதோடு முடித்துக்கொள்கிறார். பிட்ச் எங்கே ஐயா? வலச்சுற்றா, இடச்சுற்றா? படத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். படமோ இடவலம் மாறியிருக்கிறது. மோட்டாரிலிருந்து புரொப்பெல்லரைச் சுழற்ற, முறுக்கிய கம்பியாலான வளையும் தண்டான ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் போட்டவனுக்கு இது விளையாட்டு இல்லை. அந்தக் கம்பி முறுக்கு ஒரு திசையில்தான் இறுகும், எதிர்த் திசையில் சுமை ஏறினால் பிரிந்துவிடும்.

புரொப்பெல்லர் ஏறும் ஷாஃப்ட்டின் அளவு இன்னும் மோசம். 4 மி.மீ., 5 மி.மீ., இரண்டுக்கும் நடுவில் 3/16 அங்குலம், அதாவது 4.76. "5 மி.மீ. துளை" என்று விளம்பரம் செய்து அனுப்பியது 4.76. ஐந்தில் ஏறாது, நான்கில் நிற்காது. முக்கால் மில்லிமீட்டர் ஆட்டத்தோடு நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றினால் மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் முதல் அடிப்பலகை வரை எல்லாம் நடுங்கும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும் ஜோதிடர்கூட எது பொருந்தும், எது பொருந்தாது என்று தாளில் எழுதித் தருகிறார். இவர்கள் அதுகூடச் செய்வதில்லை.

பெரிலியம் என்ற உலோகம் கலந்த செம்பு புரொப்பெல்லர் வாங்கினால் அடுத்த அநியாயம். முழு விலை கொடுத்தாலும் அது வார்த்த கோலத்திலேயே வரும். விளிம்பைக் கூராக்குவதும் எடையைச் சமன்செய்வதும் வாங்கியவன் தலையில். பெரிலியம் தூசு நுரையீரலைக் கெடுக்கும், ஈரமாக வைத்து, முகக்கவசம் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். இதைப் பற்றிப் பொட்டலத்தில் ஒரு வரி இல்லை. பிள்ளைகளும் வாங்கும் பொருள் இது.

என் புலம்பலைக் கேட்டவர்கள் ஆறுதலாக டர்பினியா கதையைச் சொல்கிறார்கள். 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய நீராவி டர்பைன் கப்பல் அது. ஒற்றைப் புரொப்பெல்லர் தண்ணீரில் வெற்றிடக் குமிழிகளைக் கிளப்பியதே தவிர, கப்பலுக்கு எதிர்பார்த்த வேகம் வரவில்லை. கடைசியில் மூன்று ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று என ஒன்பது புரொப்பெல்லர் மாட்டி, 1897-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் 34 நாட் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அவருக்கே அத்தனை பாடு என்றால் நீ எம்மாத்திரம் என்கிறார்கள். பார்சன்ஸுக்குத் தெரியாதது அன்று உலகில் யாருக்குமே தெரியாது. அவரும் சும்மா இருக்கவில்லை, குமிழிகளைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே ஒரு தொட்டி கட்டினார். இன்று கேட்பது புதுக் கண்டுபிடிப்பா? படகைத் தொட்டித் தண்ணீரில் கட்டி நிறுத்தி, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு மீட்டரை மாட்டி, இந்த மோட்டார், இந்த பேட்டரி, இந்த புரொப்பெல்லர், இத்தனை ஆம்பியர் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டால் போதும்.

இதையே விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "எல்லா வகைப் படகுகளுக்கும் பொருந்தும். தயவுசெய்து ஐந்து நட்சத்திரம் வழங்கவும்."